வேலியோரத்து முள்செடி

பிப்ரவரி 9, வெருலம், தென்னாப்பிரிக்கா
வீடு கட்டினபோது லாரியில் வந்த மண்ணில் மிஞ்சியதைப் பின்வேலியோரம் கொட்டி வைத்திருந்தோம். அங்கே இப்போது இடுப்பளவு ஒரு செடி. தண்டு, காம்பு, இலையின் மேல்புறம், அடிப்புறம் என்று எங்கும் ஆரஞ்சு நிற முள், போதாததற்குப் பிசுபிசுப்பான ரோமம் வேறு. பூ கத்திரிப்பூவேதான், ஆனால் வெளிர் நீலம்.

பிப்ரவரி 14
"கண்டங்கத்திரி தம்பி அது, வெட்டிப்புடாதே, இருமலுக்கு ஆகும்" என்கிறார் பக்கத்து வீட்டு ஆயா. கண்டங்கத்திரி தரையோடு படரும், காய் வெளியே தெரியும், பழுத்தால் மஞ்சள். இது நிமிர்ந்து நிற்கிறது, காயை முள் உறை ஒன்று மூடியிருக்கிறது, பழுக்கும்போது அந்த உறை பிளந்து விரிந்து உள்ளே செக்கச்செவேலென்று பழம். இதன் அறிவியல் பெயர் சோலானம் சிசிம்பிரிஃபோலியம், பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆயா நம்பவில்லை. சரி, கஷாயம் மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 3
கரும்புத் தோட்ட ஓரம், சாலையோரம், கிளறிப் போட்ட மண் எங்கே இருந்தாலும் இதுதான். பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் போகிற இடமெல்லாம் போடுகின்றன, மண் லாரிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இது 1பி வகைக் களை, அதாவது வளர்க்கவோ விற்கவோ கூடாது, நிலத்துக்காரர் கட்டுப்படுத்தியே ஆகணும். சட்டம் இருக்கிறது, செடியும் இருக்கிறது.

மார்ச் 19
சாலையோரப் புல்லோடு இந்தச் செடியையும் மெஷினால் வெட்டிவிட்டுப் போனார்கள். வேர் உள்ளேயே கிடக்க, இப்போது அடியிலிருந்து முன்னைவிடப் புதராய்த் துளிர்த்து வருகிறது. வெட்டாமலே விட்டிருக்கலாம்.

1994இல் இதை ஒழிக்க கிராட்டியானா ஸ்பேடிசியா என்ற ஆமை வண்டை இந்த நாட்டில் விட்டார்கள். அதன் புழு தன் எச்சத்தையே முதுகில் குடையாகத் தூக்கிக்கொண்டு இலையைத் தின்னும்! கத்திரிக்காயையும் தின்றுவிடுமோ என்று சோதித்துப் பார்த்துத்தான் விட்டார்கள், அதே குடும்பமாயிற்றே. எங்கள் செடியில் புழுவும் இல்லை, வண்டும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் நெதர்லாந்தில் இதையே விதைத்து வளர்க்கிறார்கள். உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நூற்புழுவின் முட்டையை இதன் வேர் பொரிய வைக்கும், வெளியே வந்த புழு இதில் பெருக முடியாமல் சாகும்.

மார்ச் 23
தடித்த தோல் கையுறை, கடப்பாரை. நேற்றைய மழையில் மண் இளகியிருந்ததால் வேரோடு வந்தது. பழங்களைத் தனியாகப் பறித்துப் பையில் கட்டிவிட்டேன். கரும்புத் தோட்டத்து ஓரம் யாருடையது என்று நாளை விசாரிக்கணும்.