அந்தக் கறுப்புப் புள்ளி

மச்சான் பைனாகுலர் வாங்கியதிலிருந்து ஞாயிறானால் எங்கள் குடும்பம் ஊசுடு ஏரிக்கரையில்தான். போகிற வழியில் இட்லிக்கடையில் நிறுத்த மாட்டான். பறவை போயிடுமாம்.

2008இல் ஏரியின் புதுச்சேரிப் பக்கத்தைப் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். பறவைகளுக்கு நிம்மதி, எங்களுக்கு இல்லை.

இந்த வாரச் சண்டை ஒரு கறுப்புப் புள்ளியால். ஏரியில் பாதி தமிழ்நாடு, பாதி புதுச்சேரி. புள்ளி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே தெரியவில்லை. எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்து மிதப்பது ஒன்றும் புதிதில்லை, அது வேறு கதை.

"நாமக்கோழி. நெத்தியில வெள்ளை நாமம் தெரியுது பாருங்க" என்றான் மச்சான். வெயில் ஏறித் தண்ணீர்மேல் கானல் நெளிகிறது. அந்நேரத்தில் எதிர்க்கரை எருமைக்கும்தான் நாமம் தெரிந்தது.

"சின்ன நீர்க்காகம்டா" என்றார் அப்பா. புள்ளி முழுகியது. "பாத்தியா, முழுகுது!"

"நாமக்கோழியும் முழுகும் மாமா."

"முக்குளிப்பான் மட்டும் சும்மா இருக்குமா?" என்று என் மனைவி கொளுத்திப் போட்டாள். சற்றுத் தள்ளி ஒரு புள்ளி எழுந்தது. அதுவும் இதுவும் ஒன்றுதானா என்று அடுத்த ரவுண்டு.

வெள்ளைப் பறவை என்றாலும் இதே பாடுதான். சின்னக் கொக்குக்குக் கறுப்புக் கால், மஞ்சள் பாதம் என்கிறது புத்தகம். பாதம் சேற்றுக்குள். காலைத் தூக்கிக் காட்டு என்று யார் போய்ச் சொல்வது? வாத்து அதைவிட மோசம். வலசை வந்து இறங்கும்போது ஊசிவாலும் தட்டைவாயனும், ஆண்கள்கூட, மாப்பிள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெண்ணைப் போலவே பழுப்பாக வந்து நிற்கும். பக்கத்தில் பார்த்தாலே குழம்பும்.

இதில் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. புள்ளி என்ன, ஏரியே அவருக்குப் புகைமூட்டம்தான். மச்சான் எதைச் சொன்னாலும் வேறொன்றைச் சொல்வதுதான் அவருடைய பறவையியல்.

ராத்திரி மச்சானிடமிருந்து வாட்ஸப்பில் போட்டோ. புள்ளியைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, 'நாமம்' என்று எழுதியிருந்தான். அப்பா போனை மூக்கோடு ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தார். கண் ஆபரேஷன் என்று எடுத்தாலே எழுந்து போய்விடுகிற மனிதர், அவராகவே கேட்டார்:

"டாக்டர்கிட்ட எப்ப தேதி கிடைக்கும்? நாமக்கோழியெல்லாம் ஊருக்குக் கெளம்புறதுக்குள்ள முடிஞ்சிடுமா?"