வகுப்பறைக் கருவியைப் பணியிடத்துக்குக் கொண்டுவரும்போது

பள்ளி, கல்லூரிக்கென்று செய்த வினாடி வினா மென்பொருளைத் தொழிற்கூடப் பயிற்சிக்கு எடுத்தால், முதல் வேலை செட்டிங்ஸ் பக்கத்தில்தான். வேகமாகப் பதில் சொன்னால் கூடுதல் மதிப்பெண், ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் முதல் ஐந்து பேரின் பட்டியல், டிக்டிக் என்று ஓடும் கடிகாரம், இந்த மூன்றையும் அணைத்துவிடுங்கள். இருபது வருடம் இயந்திரம் ஓட்டியவர், போன மாதம் சேர்ந்த பையனுக்குக் கீழே தன் பெயரைப் பார்த்தால் அதோடு ஒதுங்கிவிடுவார். பாதுகாப்புப் பயிற்சியில் வேகத்துக்கு மதிப்பெண் தருவது அதைவிட மோசம். நிதானமாக இரு என்று சொல்லிக்கொண்டே அவசரக்காரனுக்குப் பரிசு கொடுக்கிறோம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது பெயர் தெரியாத வாக்கெடுப்பு. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை இது. கேள்வியைப் போடு, தனித்தனியாகப் பதில் வாங்கு, பக்கத்தில் இருப்பவரோடு பேசவிடு, மறுபடி வாக்கெடு. சரியான பதில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும். 70ஐத் தாண்டினால் ஒரு வரி விளக்கம் போதும். இடைப்பட்ட அளவில்தான் பேச்சு பலன் தரும். முதல் வாக்கின் முடிவைப் பேச்சு முடியும்வரை திரையில் காட்டக் கூடாது. காட்டினால் எல்லாரும் உயரமான பட்டையின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

மாணவர்களிடம் வராத ஒரு சிக்கல் இங்கே உண்டு. சூப்பர்வைசரும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும் ஜோடியானால் அங்கே விவாதம் நடக்காது, உத்தரவுதான் நடக்கும். சம நிலையில் உள்ளவர்களைச் சேர்த்து உட்காரவையுங்கள். சூப்பர்வைசர் கடைசியில் பேசட்டும்.

கருவியைவிடக் கேள்விதான் பெரிய உழைப்பு. ‘இயந்திரத்தைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டுமா?’ என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், ஒன்றும் தெரியவராது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பெல்ட்டில் பெட்டி சிக்கிவிட்டது, காற்றழுத்தத்தில் தள்ளும் கை பாதி நீண்டபடி நிற்கிறது, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தியாயிற்று. அடுத்து என்ன? ஒன்று, பெட்டியை இழுப்பது. இரண்டு, மெயின் ஸ்விட்சை அணைத்து, வேறு யாரும் அதை மறுபடி போட முடியாதபடி தன் பூட்டைப் போட்டுவிட்டு இழுப்பது. மூன்று, மெயினையும் காற்று வால்வையும் மூடி, இரண்டிலும் பூட்டுப் போட்டு, உள்ளே தேங்கிய காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று உறுதிசெய்த பிறகு இழுப்பது.

இரண்டாவதில்தான் கண்ணி. பூட்டுப் போட்டவர் பாதுகாப்பாக உணர்கிறார். ஆனால் குழாயில் நிற்கும் காற்றுக்கு மின்சாரம் தேவையில்லை, பெட்டி நகர்ந்ததும் கை பாய்ந்து வரும். தவறான விடைகளைக் கற்பனையில் எழுதாமல், மயிரிழையில் தப்பிய சம்பவங்களின் பதிவேட்டிலிருந்தும் பராமரிப்புக் குறிப்பேட்டிலிருந்தும் எடுங்கள்.

ஒரே நாளில் முடித்துவிட்டால் மறந்துபோகும். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, இடையில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பயிற்சி முடிந்த அன்றே எடுக்கும் மதிப்பெண் நம்மை ஏமாற்றுவது இதனால்தான். இரண்டாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு இரண்டிரண்டு கேள்வி போனில் அனுப்பினால் போதும். ஷிப்ட் தொடக்கத்தில், சம்பள நேரத்துக்குள் அனுப்புங்கள். வீட்டுக்குப் போனபின் வந்தால் பார்க்காமலே ஏதோ ஒன்றை அழுத்துவார்கள், புள்ளிவிவரம் குப்பையாகிவிடும்.

பாடத்தை ஸ்கார்ம் (SCORM, கணினிப் பாடங்களைப் பயிற்சி மென்பொருளில் ஏற்றுவதற்கான பொதுத் தரம்) கோப்பாக ஏற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1.2 பதிப்பில், படிப்பவர் விட்ட இடத்தை நினைவில் வைக்கும் புலத்துக்கு (தகவல் பதியும் கட்டத்துக்கு) 4096 எழுத்துதான் உத்தரவாதம். நீளமான பாடத்தில் அது நிரம்பினால் பலருக்குப் பாடம் முதலிலிருந்து தொடங்கும். ‘முடித்தார்’, ‘தேறினார்’ இரண்டுக்கும் அதில் ஒரே புலம்தான். 2004 பதிப்பில்தான் பிரித்தார்கள். சிறு சிறு பாடமாக உடைப்பதே நல்லது.

மேலாளருக்குப் போகும் அறிக்கையில் பெயர் வேண்டாம். எந்தத் தவறான விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்பது போதும். பயிற்சிக்குப் பிறகும் பாதிப் பேர் அந்த இரண்டாவது விடையிலேயே நின்றால், இன்னொரு வகுப்பு போடும் முன் இயந்திரத்தருகே போய்ப் பாருங்கள். காற்றை வெளியேற்றும் வால்வு கை எட்டாத உயரத்தில் இருக்கக்கூடும்.