றிலீஃப் வால்வு எத்தனை பாரில் திறக்க வேண்டும்? யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு கிணற்று மோட்டரில் செய்து பார்த்தது

1 குதிரைவலு மோட்டர், 1¼ அங்குலப் பிவிசி பைப், வெங்காயத் தறைக்குத் தூவிகள். தூவிகள் ஓட 2 பார் அழுத்தம் போதும். வில்லங்கம் பாத்தி மாற்றும்போதுதான். எல்லாக் கேற் வால்வும் ஒரே நேரத்தில் மூடப்பட்டால் மோட்டர் சுற்றிக்கொண்டிருக்கும், தண்ணீர் போக வழியிராது. 400 வாற் அளவு வெப்பம் 2 லீற்றர் தண்ணீரில் இறங்கினாலே நிமிடத்துக்கு 3 பாகைக்குக் கிட்ட ஏறும். பிவிசி 40 பாகையில் தாங்குதிறனில் கால்வாசிக்கு மேல் இழந்துவிடும். பைப் வெடிக்க முதலே மோட்டர் வாயிலுள்ள சொக்கட் இளகிக் கழன்றுவிடும்.

இதற்குத்தான் றிலீஃப் வால்வு: அழுத்தம் வைத்த அளவைத் தாண்டினால் தானாகத் திறந்து, தண்ணீரைத் திரும்பு குழாய் வழியே வெளியே விடும். வாங்கியது 1 முதல் 6 பார் வரை திருகக்கூடிய வகை. பெட்டியில் வந்தபடி 4 பாரில் இருந்தது. அப்படியே பூட்டினால் ஒருநாளும் திறக்காது! அழுத்தம் காட்டும் கேஜை மோட்டர் வாயில் வைத்து, கேற் வால்வைப் பத்து விநாடி மட்டும் முழுதாக மூடியதில் 3.2 பார் காட்டியது. இந்த மோட்டரில் உள்ளது தண்ணீரைச் சுழற்றி வீசும் மையநீக்கப் பம்பு, அதற்கு மேல் தராது. ஆகவே செற்றிங் 2க்கும் 3.2க்கும் இடையில் நிற்க வேண்டும். (மருந்தடிக்கும் பிஸ்ரன் பம்புக்கு இந்தக் கணக்குச் சரிவராது. வழியை அடைத்தால் ஏதாவது உடையும்வரை அழுத்தம் ஏறும்.)

ஸ்பிறிங் திருகை முழுதாகத் தளர்த்தி, தூவிகளைத் திறந்து மோட்டரைப் போட்டு, திரும்பு குழாயில் ஒழுக்கு நிற்கும்வரை கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கியது. பிறகு இன்னும் அரைச் சுற்று. கேற் வால்வை மெல்ல மூட, 2.5 பாரில் தண்ணீர் திரும்பத் தொடங்கியது. முழுதாக மூடியபோது 2.8இல் நின்றது. அதன் பிறகே, திருகு அசையாமல் லொக் நட்டை இறுக்கியது.

மோட்டருக்கும் றிலீஃப் வால்வுக்கும் இடையில் வேறு வால்வு கூடவே கூடாது. திரும்பு குழாயிலும் அப்படியே. அந்தக் குழாயை உறிஞ்சு குழாயில் இணைத்தால் பைப் மிச்சம்தான், ஆனால் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகும். கிணற்றுக்குள், நீர்மட்டத்துக்கு மேலே வாய் தெரிய விட்டது. வால்வு திறந்ததைக் கண்ணாலே காணலாம்.

மூன்றாம் கிழமை 2 பாரிலேயே ஒழுகத் தொடங்கியது. ஸ்பிறிங்கை இறுக்கி ஒழுக்கை நிறுத்துவது பிழை; திறக்கும் அழுத்தம் 3.2ஐத் தாண்டிவிடலாம். மோட்டரை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிக் கழற்றினால், வால்வின் மூடி அமரும் இருக்கையில் வெள்ளைப் படிவு. சுண்ணாம்புக்கல் ஊற்று, வேறென்ன வரும்? வினாகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவியதும் சரி. கைப்பிடியை மாதம் ஒருமுறை தூக்கிவிட்டால் படிவு இறுகாது.

கிணறு வற்றி மோட்டர் காற்றை இழுத்தால் இந்த வால்வால் பயனில்லை. அதற்கு, நீர்மட்டம் இறங்கினால் மோட்டரை நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் வேறாகப் பூட்ட வேண்டும்.