லெம்னோஸ் குகையில் காயும் துணி

கிரேக்கக் காவியக் கவி ஹோமர் பிலோக்டீட்டஸுக்குக் கொடுத்தது பத்தே வரி. டிராய் நகரோடு கிரேக்கர்கள் நடத்திய போரைப் பாடும் இலியட் 2-ஆம் புத்தகத்தில் எந்தத் தலைவன் எத்தனை கப்பலோடு வந்தான் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே போகிறவர், ஏழு கப்பலோடு கிளம்பிய வில்லாளி பிலோக்டீட்டஸ் பாம்பு கடித்த புண்ணோடு லெம்னோஸ் தீவில் கிடக்கிறான், சீக்கிரமே கிரேக்கர்களுக்கு அவன் ஞாபகம் வரும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

மாவீரன் ஹெராக்ளீஸின் சிதைக்குத் தீ வைத்து, பதிலுக்கு அவருடைய வில்லைப் பெற்றவன் இவன். புண் நாறுகிறது, இவன் அலறலில் பூசைகூட நடத்த முடியவில்லை என்று சொந்தப் படையே தூங்கும்போது விட்டுவிட்டுப் போய்விட்டது. அப்புறம் அந்த வில் இல்லாமல் டிராய் விழாது என்று குறி வந்ததும், விட்டுவிட்டுப் போன அதே கிரேக்கத் தலைவன் ஒடிசியஸ் திரும்பி வருகிறான்.

எஸ்கிலஸ், யூரிப்பிடீஸ் இருவரும் இதை நாடகமாக்கியிருக்கிறார்கள், முழுதாக நம் கைக்கு வரவில்லை. அவற்றில் கோரஸே (மேடையில் பாடி ஆடும் குழு) லெம்னோஸ்வாசிகள்தான். ஹோமரிடமும் அது ஆள் வாழும் தீவுதான், அங்கிருந்து படைக்கு ஒயின் வருகிறது. கி.மு. 409-இல், எண்பதைத் தாண்டிய வயதில், சோபோக்ளீஸ் தன் ‘பிலோக்டீட்டஸ்’ நாடகத்தில் அதை ஆளே இல்லாத தீவாக்கிவிட்டார். கூடவே, ஏமாற்றி வில்லைப் பறிக்க ஒடிசியஸோடு ஒரு பையனையும் அனுப்பினார்: டிராய் போரின் பெரிய வீரன் அக்கிலிஸின் மகன் நியோப்டோலமஸ்.

அந்தப் பையன் குகைக்குள் எட்டிப் பார்க்கிற இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அமுங்கிய இலைப் படுக்கை, கைக்கு வந்தபடி குடைந்த மரக் கிண்ணம், தீ மூட்டும் கற்கள், அப்புறம் வெயிலில் காயும் சீழ்ப் பிடித்த துணி. ஆள் மேடைக்கு வரவே இல்லை, ஆனால் அவன் தனியே கிடந்த பத்து வருடம் தெரிந்துவிட்டது. வந்ததும் பிலோக்டீட்டஸ் கெஞ்சுவது சோற்றுக்கு இல்லை, ஒரு வார்த்தை பேசுங்கள் என்றுதான். கிரேக்கம் காதில் விழுந்ததும் குழைந்துபோகிறான். வலி வரும்போது ஒரு முழு வரியே ‘அபப்பபாய், பபா பபா பபா பபாய்’ என்று போகிறது. இதற்கு நம்ம ‘ஐயோ’ பத்தாது.

ஏமாற்ற வந்த பையன் கைக்கு வந்த வில்லைத் திருப்பிக் கொடுத்து, சரி, உன்னை வீட்டுக்கே கூட்டிப்போகிறேன் என்கிறான். நானாக இருந்தால் அங்கேயே முடித்திருப்பேன். ஆனால் டிராய் விழுந்தாக வேண்டுமே, பழங்கதை விடாது. இறந்து தெய்வமாகிவிட்ட ஹெராக்ளீஸே மேலிருந்து வந்து, டிராய்க்குப் போ என்கிறார். கிளம்பும்போது பிலோக்டீட்டஸ் ஒவ்வொன்றாக விடைபெறுகிறான்: காவலிருந்த குகை, ஊற்றுகள், பாறையில் மோதும் கடலின் சத்தம்.