முறுக்கு எங்கே போகிறது? அட்டை நெசவு, விரல் வளையப் பின்னல்: வேலைக் குறிப்புகள்

ஜூன் 2

துளையிட்ட அட்டைகளில் பாவு (நெடுக்கு இழைகள்) கோர்த்து, அட்டைகளைத் திருப்பித் திருப்பி ஊடையை (குறுக்கு இழை) நுழைத்து நாடா நெய்வதுதான் அட்டை நெசவு. அட்டைகள் தயார். 16 வேண்டும், 20 வெட்டி வைப்பது நல்லது, ஒன்றிரண்டு மடங்கிவிடும். பழைய சீட்டுக்கட்டுதான் சிறந்த மூலப்பொருள். வழவழப்பானது, கிழியாது, எல்லாச் சீட்டும் ஒரே அளவு. சீட்டின் அகலத்துக்கே உயரத்தையும் நறுக்கினால் சதுரம் கிடைக்கும். கட்டைப் பொறுத்து 57 அல்லது 63 மி.மீ. வரும். நான்கு மூலையிலும் ஒவ்வொரு துளை. துளையின் நடு, இரு விளிம்புகளிலிருந்தும் 1 செ.மீ. உள்ளே இருக்கட்டும். காகிதத்தில் துளை போடும் பஞ்ச் போதும்.

ஒரு சீட்டில் துளையிட்டு, அதையே மாதிரியாக வைத்து மற்றவற்றில் துளையிட வேண்டும். துளைகள் அட்டைக்கு அட்டை விலகினால் இழைகள் ஒரே மட்டத்தில் நிற்காது. ஊடை போக வேண்டிய வழியில் நடுநடுவே ஓர் இழை தொங்கும். மூலைகளைக் கட்டாயம் வளைவாக வெட்டவும். கூர் மூலை பக்கத்து அட்டையின் இழையைக் கொக்கி போட்டு இழுக்கும்.

துளைகளுக்கு எழுத்து: எழுதும் முகத்தைப் பார்த்தபடி கடிகாரம் சுற்றும் திசையில் அ, ஆ, இ, ஈ. பின்முகம் வெறுமையாக இருக்கட்டும்.

ஜூன் 3

நூல்: 10ஆம் எண் குரோஷே பருத்தி நூல். மெர்சரைஸ் செய்தது (காரத்தில் பதப்படுத்திப் பளபளப்பாக்கியது), இறுக்கமாக முறுக்கியது. அட்டை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பக்கத்து இழைகள் உரசுவதால் மெத்து நூல் பிசிறு கிளம்பி ஒன்றோடொன்று ஒட்டும். கம்பளி நூலிலும் நெய்யலாம், ஆனால் நன்றாக முறுக்கேறிய மெல்லிய வகை வேண்டும். அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், நாடா அலை அலையாக வரும்.

கணக்கு: முடிந்த நாடா 1.5 மீ. முறுக்கில் சுருங்குவதற்கு 15 சதவீதம். கட்டும் முனைகளுக்கும் கடைசியில் நெய்ய முடியாமல் நிற்கும் பகுதிக்கும் 50 செ.மீ. ஆக ஓர் இழை சுமார் 2.25 மீ. 16 அட்டைக்கு 64 இழை.

நிறம் இரண்டு. ஓர அட்டைகள் 1, 2, 15, 16 முழுக்க அடர் நிறம். நடுவில் உள்ள 12 அட்டைகளில் ஒவ்வொன்றிலும் ஓர் அடர் இழை, மூன்று வெளிர் இழை. அடர் 28 இழை, 63 மீ. வெளிர் 36 இழை, 81 மீ. ஊடைக்கும் அடர் நிறமே, தனியாக 20 மீ. ஊடை நாடாவின் முகத்தில் தெரியாது. இரு ஓரத்தில் மட்டும் புள்ளியாக எட்டிப் பார்க்கும். அதனால் ஓர அட்டையின் நிறமும் ஊடையின் நிறமும் ஒன்றாக இருந்தால் விளிம்பு சுத்தமாக இருக்கும்.

ஜூன் 5

இழை கோர்த்தாயிற்று. அட்டைகளை எழுத்து முகம் வலப்பக்கம் பார்க்க அடுக்கினால்:

3ஆம் அட்டையில் அடர் இழை அ துளையில், 4இல் ஆ, 5இல் இ, 6இல் ஈ, 7இல் மறுபடி அ, 8இல் ஆ. 9ஆம் அட்டை 8ஐப் போல, 10ஆம் அட்டை 7ஐப் போல என்று கண்ணாடிப் பிம்பமாகப் போய் 14ஆம் அட்டை 3ஐப் போல முடியும்.

நிறத்தைவிட முக்கியம் நுழையும் திசை. 1 முதல் 8 வரை, தொலைமுனையிலிருந்து வரும் நான்கு இழைகளும் எழுத்து முகம் வழியே நுழைந்து பின்முகம் வழியே நம் பக்கம் வர வேண்டும். 9 முதல் 16 வரை இதற்கு நேர்மாறு. பாவு இழைகளை இழுத்துக் கட்டியதும் அட்டைகள் தாமாகவே சாயும். மேலிருந்து பார்க்க, இடப்பாதி அட்டைகளின் தொலைவிளிம்பு இடப்பக்கமும், வலப்பாதியினுடையது வலப்பக்கமும் சாய்ந்திருந்தால் கோர்த்தது சரி. ஓர் அட்டை மட்டும் கூட்டத்தோடு சேராமல் சாய்ந்தால் அது தப்பாகக் கோர்த்த அட்டை. இப்போதே அவிழ்த்துக் கோர்க்கவும். பத்து ஊடை போட்ட பிறகு தெரிந்தால் பாதி வேலை வீண்.

இந்தச் சாய்வுக்கு ஏன் இத்தனை கவலை? ஒவ்வொரு அட்டையும் நான்கு இழைகளை முறுக்கி ஒரு கயிறாக்குகிறது. நாடா என்பது பக்கம் பக்கமாக நிற்கும் 16 கயிறுகள், ஊடையால் தைத்தது போல. அட்டையை முன்னோக்கிச் சுற்றினால் கயிற்றின் முறுக்கு அட்டை சாய்ந்த பக்கமே சாயும். வடிவத்தின் சாய்கோடும் முறுக்கின் சாய்வும் ஒரே திசையானால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். எதிரெதிரானால் அதே கோடு படிக்கட்டாக, ரம்பப்பல்லாகத் தெரியும். வடிவத்தைச் சரியாகக் கோர்த்தும் ‘ஏன் அழகாக வரவில்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான்.

ஜூன் 6

நெய்யும் வரிசை. தொலைமுனை ஒரு கொக்கியில், அருகுமுனை இடுப்பில் கட்டிய வாரில். இரண்டு மேசைப் பிடிகளுக்கு நடுவே கட்டினாலும் சரி.

எல்லா அட்டைகளையும் ஒரே பிடியாகப் பிடித்து, மேல்விளிம்பு நம்மைவிட்டு விலகும்படி கால் சுற்று திருப்பவும். மேல் இரண்டு துளை இழைகளுக்கும் கீழ் இரண்டு துளை இழைகளுக்கும் நடுவே பாவு வாய் திறக்கும். உள்ளங்கையை விட்டு வாயைச் சுத்தமாகத் திறக்கவும். முந்தைய ஊடையை ஓர் அளவுகோலால் தட்டி நெருக்கவும். ஊடையை நுழைத்து, ஓரத்தில் சிறு வளையம் மிச்சம் விடவும். அடுத்த கால் சுற்று திருப்பிய பிறகே அந்த வளையத்தை இழுத்து உள்ளே அடக்கவும்.

கடைசிப் படிதான் ரகசியம். திருப்புவதற்கு முன்பே இழுத்தால் எவ்வளவு இழுத்தோம் என்று தெரியாது. அகலம் கூடிக் குறையும். இந்த நூலில் 16 அட்டைக்கு அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. அந்த அகலத்தை ஓர் அட்டைத்துண்டில் கோடாகப் போட்டு அவ்வப்போது வைத்துப் பார்த்தால் போதும்.

முன்னோக்கி 8 கால் சுற்று, பின்னோக்கி 8 கால் சுற்று. முன்னோக்கிப் போகும்போது கூம்பு வடிவம் வரும். திரும்பும்போது கூம்பு கவிழ்ந்து சாய்சதுரமாக மூடும். திசை மாறும்போது கோடும் முறுக்கும் சேர்ந்தே மாறுவதால் இரண்டு பாதியும் வழுவழுப்பாகவே இருக்கும். திருப்பும் இடத்தில் மட்டும் இழைகள் சற்று நீளமாகப் படுத்திருக்கும். அங்கே கொஞ்சம் அழுத்தித் தட்டவும்.

ஜூன் 11

கூம்பு மட்டுமே தொடர்ந்து வேண்டுமென்றால் திசை மாற்ற முடியாது. அப்போது பிரச்சினை ஆரம்பம். அட்டைக்கு இந்தப் பக்கம் நாடாவில் எவ்வளவு முறுக்கு ஏறுகிறதோ, அந்தப் பக்கம் அதற்கு எதிர் முறுக்கு சேரும். நான்கு ஊடைக்கு ஒரு முழு முறுக்கு. 100 ஊடைக்கு 25. கடைசியில் அட்டைகளைத் தொலைமுனை நோக்கித் தள்ளவே முடியாது.

வழிகள் மூன்று. தொலைமுனையை அவிழ்த்து, ஒவ்வோர் அட்டையின் நான்கு இழைகளையும் தனித்தனியே சீவிவிட்டு மறுபடி கட்டலாம். அலுப்பான வேலை, போதாக்குறைக்கு இழுவிசை மாறிவிடும். இல்லையேல் ஒவ்வோர் அட்டையின் இழைகளையும் தூண்டில்காரர்கள் பயன்படுத்தும் சுழலும் கொக்கியில் கட்டலாம். முறுக்கு தானாகக் கழன்றுகொண்டே இருக்கும். 16 கொக்கி வாங்குவது வீண்செலவல்ல. மூன்றாவது வழி வடிவத்தையே மாற்றுவது: முன்னும் பின்னும் சமமாக வரும்படி திட்டமிடுவது.

ஓர் அட்டை மட்டும் திரும்பாமல் நின்றுவிட்டால் வடிவத்தில் ஒரு புள்ளி இடம் மாறும். கண்டுபிடிக்க வடிவத்தை உற்றுப் பார்க்க வேண்டாம், எழுத்தைப் பார்த்தால் போதும்: எல்லா அட்டையிலும் மேல்பக்கத் தொலைமூலையில் ஒரே எழுத்து நிற்க வேண்டும். பிரிப்பதும் எளிது. ஊடையை உருவி எடுத்து, எதிர்த்திசையில் கால் சுற்று.

ஜூன் 14

நார்வேயின் ஓசெபெர்க்கில் கப்பலோடு புதைத்த கல்லறையில் (கி.பி. 834இல் புதைத்தது, 1904இல் தோண்டியது) 52 அட்டைகள் பாவு கோர்த்தபடியே கிடைத்தன. பாதி நெய்த நாடாவோடு! ஜெர்மனியின் ஹோக்டோர்ஃப் கல்லறையில் கிடைத்த அட்டை நெசவுத் துணிகள் இன்னும் பழையவை, கி.மு. 6ஆம் நூற்றாண்டு. இதைப் ‘புதிய பொழுதுபோக்கு’ என்று சொல்பவர்களுக்காக.

ஜூன் 19

விரல் வளையப் பின்னல். தறி இல்லை, அட்டை இல்லை, பத்து விரல் மட்டும். இதற்கான செய்முறை 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் படிகளிலேயே இருக்கிறது; லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ஹார்லி 2320 அவற்றில் ஒன்று.

2 மீ. நூல் ஐந்து. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, வெட்டிய முனைகள் பத்தையும் சேர்த்து ஒரே முடிச்சு. அதைக் கொக்கியில் மாட்டவும். முடிச்சில்லாத வளைவுகள் விரலுக்கு வரும். இடக்கையில் சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் என மூன்று வளையம். வலக்கையில் நடுவிரல், மோதிர விரல் என இரண்டு. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும்.

வலச் சுட்டுவிரல் தன் கையின் நடுவிரல், மோதிர விரல் வளையங்களுக்கு உள்ளே புகுந்து, இடக்கை மோதிர விரல் வளையத்தை எடுத்து இழுத்து வரும். இரு கைகளையும் அகலமாக விரித்து இறுக்கவும். பிறகு இடக்கையில் நடுவிரல் வளையம் மோதிர விரலுக்கு, சுட்டுவிரல் வளையம் நடுவிரலுக்கு. இப்போது இடச் சுட்டுவிரல் காலி, அதன் முறை.

இங்கும் முறுக்குதான் எசமான். வளையத்தை எடுக்கும்போது அதன் மேல் இழை கீழே போகும்படி அரைத் திருப்பம் கொடுக்கலாம், கொடுக்காமலும் எடுக்கலாம். இரு கையும் திருப்பினால் சதுரமான கெட்டிக் கயிறு. ஒரு கை மட்டும் எப்போதும் திருப்பினால் தட்டையான, இரட்டை அகல நாடா. மடிந்தே வரும், விரலால் விரித்துவிட வேண்டும். இரு கையும் திருப்பாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தனித்தனி மெல்லிய பின்னல்கள். பத்துச் சுற்று திருப்பாமல் பின்னி, பிறகு திருப்ப ஆரம்பித்தால் நடுவில் ஒரு பிளவு கிடைக்கும்: பொத்தான் துளை! முழுக் கயிற்றிலும் ஒரே ஒரு முறை திருப்ப மறந்தால் அந்த இடம் மட்டும் வாய் பிளந்து நிற்கும்.

ஜூன் 21

நடுவில் தொலைபேசி அடித்தால்: வளையங்களை வரிசை மாறாமல் ஒரு சீப்பின் பற்களில் மாட்டவும். திரும்பி வந்து எந்தக் கை அடுத்தது என்று குழம்பத் தேவையில்லை. மூன்று வளையம் உள்ள கை கொடுக்கும் கை, இரண்டு உள்ளது எடுக்கும் கை.

1 மீ. வளையத்தில் 70 செ.மீ. அளவுக்குப் பின்னல் தேறும். அதற்குமேல் நீட்ட நினைத்தால் கைகளை விரிக்கும் அகலம் போதாது, பின்னல் இறுகாது. இன்னொருவர் கொக்கிப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வுக்கும் விரலால் நெருக்கித் தர வேண்டும்.

ஜூன் 28

துணி விளிம்பிலேயே நெய்வது. லண்டனில் தோண்டியெடுத்த 14ஆம் நூற்றாண்டு உடைகளில் பொத்தான் துளை வரிசையின் ஓரத்தில் இது இருக்கிறது. இரண்டே அட்டை போதும். ஊடையை ஊசியில் கோர்த்து, பாவு வாய் வழியே விட்டு, துணியின் விளிம்பைக் குத்தி எடுத்து, அட்டையைத் திருப்பி, மறுபடி முன்பு நுழைந்த அதே பக்கத்திலிருந்தே வாய்க்குள் விட வேண்டும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து போவதால் நாடா விளிம்பைச் சுற்றி உருளும். துணி இல்லாமல் இதையே 8 அட்டையில் செய்து, ஒவ்வொரு ஊடையையும் இறுக்கி இழுத்தால் உள்ளீடற்ற குழாய்க் கயிறு வரும். தையல் இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் போனால் விளிம்பு அங்கங்கே தொளதொளக்கும். துணி தளர்நெசவானால் முதலில் ஒரு மடிப்பு தைத்துக்கொள்ளவும்.