சி.ஐ.ஏ. நிலையத் தலைவர்களின் பணிப்பாதைகளை வகைப்படுத்திய அனுபவம்

அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் வெளிநாட்டு நிலையங்களுக்கு, அதாவது அந்தந்த நாட்டில் உளவுப் பணியை நடத்தும் அலுவலகங்களுக்கு, தலைமை வகித்தவர்கள் எத்தகைய பணிகளைக் கடந்து அப்பதவிக்கு வந்தனர் என்பதே என் ஆய்வேட்டின் கேள்வியாக இருந்தது. நிறுவனம் தோன்றிய 1947 முதல் 1970களின் இறுதி வரையிலான காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிந்தைய பெயர்களைத் தொடுவதில் சட்டச் சிக்கல் உண்டு என்பது ஒரு காரணம். நம்பத்தக்க சான்றுகள் சொற்பம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நிறுவனமே வைத்திருந்த வகைப்பாட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் தொடங்கினேன். ஊழியர் ஒவ்வொருவரும் தத்தம் இயக்ககத்தைச் சார்ந்த ஒரு பணிப்பிரிவில் சேர்க்கப்பட்டு, பதவி உயர்வும் பயிற்சியும் அப்பிரிவின் குழுக்களால் முடிவு செய்யப்பட்டன. வெளிநாட்டு நிலையம் ஒன்றில் தகவல்தொடர்பு, நிதி, தளவாடம் ஆகியவற்றைப் பார்த்தவர்களைப் பிரித்தறிய இது உதவும். தலைவர்களோ ஏறத்தாழ அனைவரும் இரகசிய நடவடிக்கைகளுக்கான பிரிவிலேயே இருந்தனர் என்பதால், என் அட்டவணை முழுவதும் ஒரே கட்டத்துக்குள் போய் விழுந்தது. ஊதியநிலையும் கைகொடுக்கவில்லை. 1979இல் மூத்த புலனாய்வுச் சேவை என்ற தனி அடுக்கு உருவாகும் வரை உயர்நிலை அதிகாரிகள், அமெரிக்க அரசு ஊழியர்களின் பொது ஊதிய அட்டவணையான ஜி.எஸ்.ஸில் 16 முதல் 18 வரையிலான படிகளில் இருந்தனர். அந்த எண் ஒருவரின் உயரத்தைக் காட்டுமேயன்றி, அவர் ஏறி வந்த வழியைக் காட்டாது.

சான்றுகளைத் திரட்டியதுதான் நெடிய வேலை. இரகசியம் நீக்கப்பட்ட ஆவணங்களின் தொகுப்பு 2017 ஜனவரியில் இணையத்துக்கு வந்தது. ஒரு கோடியே இருபது லட்சம் பக்கங்களுக்கு மேல் அதில் உள்ளன. ஆனால் ஊழியர்களின் பெயர், பதவி, ஊதியம், எண்ணிக்கை ஆகியவற்றை வெளியிடுவதிலிருந்து 1949ஆம் ஆண்டின் சி.ஐ.ஏ. சட்டத்தின் 6ஆம் பிரிவு நிறுவனத்துக்கு விலக்கு அளிப்பதால், எனக்கு வேண்டிய இடங்களிலேயே வெள்ளைப் பட்டை ஒட்டப்பட்டிருந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை தொகுத்து வெளியிடும் தூதரக ஆவணத் தொகுதிகளின் முகப்பில் உள்ள ஆட்பெயர்ப் பட்டியல்கள் பல வேளைகளில் அந்தப் பட்டையை விலக்கிக் காட்டின. கென்னடி கொலை தொடர்பான ஆவணங்களில் அதிகாரிகள் புனைபெயரில் கையெழுத்திட்டிருப்பதால் முதலில் பெயர்களைப் பொருத்தியாக வேண்டும்: மெக்சிகோ நகரத் தந்திகளில் வரும் ‘வில்லர்ட் கர்ட்டிஸ்’, 1956 முதல் 1969 வரை அங்கு நிலையத் தலைவராக இருந்த வின்ஸ்டன் ஸ்காட்தான்.

உளவுப் பணியை மறைக்க வெளியே காட்டப்பட்ட போர்வைப் பதவிகள் மேலும் ஒரு சுற்று வேலை வைத்தன. 1961 ஜூனில் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் அதிபர் கென்னடிக்கு எழுதிய குறிப்பின்படி, வெளிநாடுகளில் வெளியுறவுத் துறையினர் 3,900 பேர் இருந்தபோது, அரசுப் போர்வையில் இருந்த சி.ஐ.ஏ.வினர் 3,700 பேர். ஆகவே ‘அரசியல் அலுவலர்’ என்று ஒருவரது வாழ்க்கைக் குறிப்பில் கண்டால், அதை அவர் செய்த பணியாகக் கொள்ளக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொண்டேன்.

முடிவில், முதன்முதலாக ஒரு நிலையத்துக்கோ, அதற்குக் கீழ்ப்பட்ட அலுவலகமான தளத்துக்கோ தலைமையேற்கும் முன் ஒருவர் எந்த வேலையில் தேர்ந்தார் என்பதையே அளவுகோலாக்கினேன். இதற்கு வரலாற்று அடிப்படையும் உண்டு. உளவுத் தகவல் சேகரிப்புக்கான அலுவலகமும், ஃபிராங்க் விஸ்னரின் கீழ் மறைமுக அரசியல் நடவடிக்கைகளை நடத்திய அலுவலகமும் தனித்தனியே இயங்கி, 1952இல்தான் ஒன்றாக்கப்பட்டன. இணைந்த பின்னரும் இரு மரபினரின் போக்கும் நெடுங்காலம் வேறாகவே இருந்தது. ரோமில் இத்தாலியக் கட்சி அரசியலில் பணியாற்றிவிட்டுச் சைகோனில் தலைமையேற்ற வில்லியம் கோல்பி இரண்டாம் மரபில் தயக்கமின்றி அமர்ந்தார். உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிலிருந்து வந்து, அயல்நாட்டு உளவாளிகளைக் கண்டறியும் எதிர்உளவில் தேர்ந்தவர்களுக்கு மூன்றாவது பிரிவு தேவைப்பட்டது: ஸ்காட்டும், பெர்லின் தளத்தையும் பின்னர் ரோம் நிலையத்தையும் நடத்திய வில்லியம் ஹார்வியும் அதில் சேர்ந்தனர்.

எந்தப் பிரிவிலும் அடங்காதவர் ரே கிளைன். பகுப்பாய்வாளராக வளர்ந்த அவர், 1958இல் கடற்படையின் துணைத் தகவல்தொடர்பு மையத்து இயக்குநர் என்ற போர்வையில் தைபே நிலையத் தலைவரானார். 1962இல் பகுப்பாய்வுப் பிரிவு முழுவதற்கும் தலைவராகத் திரும்பினார். 1966இல் மேற்கு ஜெர்மனியின் நிலையத்துக்குச் சென்றார். ஆளுக்கு ஒரு வரி என்று வைத்தால் இத்தகையவரை எங்கு வைத்தாலும் பொய்யாகிவிடும் என்பதால், நியமனத்துக்கு ஒரு வரி என்று அட்டவணையைத் திருத்தி எழுதினேன். அடிக்கடி இடம் மாறியவர்களின் எடை இதனால் கூடிவிடுகிறது. மியாமி, வியந்தியான், சைகோன் என்று நகர்ந்த தியோடர் ஷேக்லிக்குப் பல வரிகள், ஸ்காட்டின் பதின்மூன்று ஆண்டுகளுக்கு ஒரே வரி. எனவே பணிக்காலத்துக்கும் அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்தேன்.

எலோயிஸ் பேஜுக்காக மட்டும் நெறியாளரோடு வாதிட வேண்டியிருந்தது. 1942இல், சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான போர்க்கால உளவு அமைப்பு ஓ.எஸ்.எஸ்.ஸின் தலைவர் வில்லியம் டோனோவனின் செயலராகச் சேர்ந்து, 1978இல் ஏதென்ஸில் தலைமையேற்றவர் அவர். நிலையத் தலைவரான முதல் பெண்மணி. ஒரே ஒருவருக்காகத் தனிப் பிரிவு வேண்டாம், ‘ஏனையோர்’ என்பதில் சேர்த்துவிடலாம் என்றார் நெறியாளர். பெண் ஊழியர்களின் இடைநிலை (மீடியன்) ஊதியப் படி ஜி.எஸ். 5 ஆகவும் ஆண்களுடையது 9 ஆகவும் இருந்ததாக நிறுவனத்தின் உட்குழுவே 1953இல் கண்டறிந்திருக்கையில், எழுத்தர், செயலர் பணிகளிலிருந்து மேலேறும் வழி எவ்வளவு குறுகலானது என்பதைக் காட்டுவதே அந்த ஒற்றை வரியின் பயன் என்று எழுதிக் கொடுத்தேன். பிரிவு நின்றது. ‘ஏனையோர்’ என்ற தலைப்பையே பின்னர் நீக்கிவிட்டு, சான்று கிடைக்காத நியமனங்களை ‘அறியப்படவில்லை’ என்ற பிரிவில், ஏன் அறிய முடியவில்லை என்ற குறிப்போடு வைத்துச் சமர்ப்பித்தேன்.