காலியாக வந்தால் நடுங்கும் வண்டி

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றிப் பாலக்காட்டில் இறக்கும் வரை என் பிக்கப் ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். வம்பெல்லாம் இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான். பொள்ளாச்சியைத் தாண்டி நான்கு வழிச்சாலையில் ஏறி, வேகமுள் 55-ஐத் தொட்டதும் இருக்கைக்கு அடியில் ஒரு ரீங்காரம் கிளம்பும். 60-இல் அது நடுக்கமாகிவிடும். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். தொட்டியில் அடுக்கிய காலிப் பெட்டிகள் கிலுகிலுக்கும். 70-ஐத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும். எனவே சில மாதங்கள் 50-இலோ 75-இலோ ஓட்டிச் சமாளித்தேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஆடி மாதக் காற்றில் காலி வண்டியை 75-இல் பிடித்து ஓட்டுவது என்ன பாடு என்று அந்தச் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும்.

டீசல் எஞ்சின், பின்சக்கர இயக்கம், பின்னால் பட்டை ஸ்பிரிங். கியர்பாக்ஸிலிருந்து பின் ஹவுசிங்குக்கு, அதாவது பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டிக்குச் செல்லும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு. அவ்வளவு நீளத்துக்கு ஒரே குழாயைப் போட்டால் வேகத்தில் அது கயிறு போல வில்லாக வளைந்து சுழலத் தொடங்கும். அதனால் நடுவில் வெட்டி, சேஸிஸில் தொங்கும் ரப்பர் வைத்த சென்டர் பேரிங்கில் தாங்க வைத்திருக்கிறார்கள். ஆக மூன்று இடங்களில் கிராஸ் (கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் சிலுவை வடிவ மூட்டு): கியர்பாக்ஸ் பின்னால் ஒன்று, சென்டர் பேரிங் அருகே ஒன்று, பினியன் (பின் ஹவுசிங்குக்குள் நுழையும் பல்சக்கரத் தண்டு) முன்னால் ஒன்று.

நடுக்கம் என்றதும் எல்லோரும் டயரைத்தான் கை காட்டுவார்கள். நானும் நான்கு சக்கரங்களையும் பேலன்ஸ் செய்தேன். பயனில்லை. ஸ்டீயரிங் அசையவே இல்லை, இருக்கையும் தரையும்தான் அதிர்ந்தன என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். முன்சக்கரத்தில் கோளாறு என்றால் பெரும்பாலும் கையில்தான் முதலில் தெரியும். சந்தேகம் தீர முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றி ஓட்டிப் பார்த்தேன். செலவில்லாத சோதனை; பேலன்சிங்குக்குக் காசு கொடுக்கும் முன்பே செய்திருக்கலாம். நடுக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த சோதனை எஞ்சினைக் கணக்கிலிருந்து நீக்குவது. சமமான, ஆளில்லாத சாலையில் 65 வரை ஏற்றி, கிளட்சை மிதித்து நியூட்ரலில் போட்டு வண்டியை உருள விட்டேன். எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. 60-ஐக் கடக்கும்போது அதே நடுக்கம், கொஞ்சம் மெலிதாக. எனவே எஞ்சினும் கிளட்சும் குற்றவாளி இல்லை. வண்டியின் வேகத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றுதான். (மலைப்பாதை இறக்கத்தில் இந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் குழிக்குள் இறங்கி ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தார். ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விடும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வருவதை நான் சொல்லியிருந்தேன். பினியன் பக்கத்துக் கிராஸில் ஆட்டம் இருந்தது. கழற்றியபோது மூடிக்குள் கிரீஸ் இல்லை, செம்மண் போலத் துருப்பொடி. “கிடைத்துவிட்டது தம்பி” என்றார். எனக்கும் மனம் லேசானது. இரண்டு கிராஸ் புதிதாகப் போட்டோம். ‘டொக்’ சத்தம் நின்றது. ஆனால் அன்று மாலை ஓட்டிப் பார்த்தால் நடுக்கம் முன்பைவிட இரண்டு மடங்கு! 45-இலேயே தொடங்கிவிட்டது.

இது ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. பின் ஷாஃப்ட் நீண்டு குறுகுவதற்காக அதில் ஸ்பிளைன் என்ற, ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல் வெட்டிய இணைப்பு இருக்கும். கழற்றும்போது அதை முழுதாக உருவிவிட்டார்கள். திரும்பச் செருகும்போது ஒரு பல் தள்ளிச் செருகிவிட்டார்கள். ஷாஃப்டின் ஒரு முனையில் யோக்கின் (கிராஸைப் பிடிக்கும் கவையின்) காதுகள் படுத்திருந்தால் மறுமுனைக் காதுகளும் அதே கோட்டில் படுத்திருக்க வேண்டும். காரணம் கிராஸின் சுபாவம். கோணத்தில் வேலை செய்யும் கிராஸ், ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கத்தைச் சீராகச் சுழற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை கொஞ்சம் முந்தும், இரண்டு முறை கொஞ்சம் பிந்தும். மறுமுனையில் இருக்கும் கிராஸ் அந்த முந்தலையும் பிந்தலையும் எதிராகச் செய்து கழித்துவிடுகிறது. காதுகள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கழிப்பதற்குப் பதில் மிச்சம் சேர்ந்துவிடும். கழற்றும் முன் சுண்ணாம்பாலோ பெயின்டாலோ ஒரு கோடு இழுத்திருந்தால் இந்த ஒரு நாள் மிச்சம். அண்ணனுக்கு அது தெரியாததல்ல. அன்று கழற்றியது புதிதாகச் சேர்ந்த பையன்.

காதுகளைச் சரி செய்ததும் வண்டி பழைய நடுக்கத்துக்குத் திரும்பியது. அதாவது, புதிய கிராஸ், பழைய வியாதி.

அதன் பிறகு ஷாஃப்டைக் கழற்றிக் கோவைக்கு எடுத்துச் சென்று ஒரு பட்டறையில் மெஷினில் வைத்துப் பேலன்ஸ் செய்தேன். குழாய் நேராகத்தான் இருந்தது. சிறு எடைத்துண்டு ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். நேர்த்தியான வேலை. மாட்டி ஓட்டினால் 60-இல் அதே ரீங்காரம். அன்று திரும்பி வரும் வழியில் வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “மாமா, எந்தச் சாமான் என்று தேடுகிறீர்கள். ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிருகிறது என்று யாராவது எண்ணினார்களா?” என்றான். மொபைலில் அதிர்வை அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, இருக்கைக்குப் பின்னால் தரையில் போனை நாடாவால் ஒட்டினான். நான் 60-இல் ஓட்டினேன். வேகமுள்ளை நம்பாமல் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துச் சொன்னான்.

கணக்கு எளிது, எட்டாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். என் டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். எனவே சக்கரம் நொடிக்கு ஏழரைச் சுற்று. ஏழரை என்றதும் பின்னிருக்கையில் இருந்த அம்மா “அதுதான் பிடித்திருக்கிறதே, ஊரே அறியும்” என்றார். பின் ஹவுசிங்கின் விகிதம் 4.1, ஆகவே ஷாஃப்ட் நொடிக்கு 31 சுற்று. டயர் கோளாறு என்றால் வரைபடத்தில் ஏழரையில் மேடு தெரிய வேண்டும். ஷாஃப்ட் எடை சமனில்லை என்றால் 31-இல். எங்களுக்குக் கிடைத்தது 62. மற்ற இடங்களெல்லாம் புல்தரை, 62-இல் மட்டும் பனைமரம்.

சுற்றுக்கு இரண்டு. கிராஸின் கோணம்தான் அப்படிப் பேசும். சாமான் எதுவும் கெட்டிருக்க வேண்டியதில்லை.

அப்போதுதான் நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை, சொல்லத் தேவையில்லை என்று நினைத்த ஒன்றைச் சொன்னேன். நடுக்கம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு பட்டை பட்டறையில் பின்பக்கம் இரு புறமும் ஒவ்வொரு பட்டை கூட்டி, பழைய பட்டைகளையும் அடித்து வளைவு ஏற்றியிருந்தேன். சீசனில் பெட்டி கூட ஏற்றினால் பின்பக்கம் குந்துகிறது என்பதற்காக. 14 கிலோ பெட்டி பத்து கூடினால் என்ன என்ற கணக்கு. அதிக பாரத்துக்கு அபராதமே 20,000 ரூபாயில் தொடங்குகிறது என்பதை அப்போது மறந்திருந்தேன். லோடோடு போகும்போது வண்டி நன்றாக ஓடியதால் பட்டைக்கும் நடுக்கத்துக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் முதலில் சிரித்தார். பிறகு கோணமானியை வாங்கிக்கொண்டு அவரே குழிக்குள் இறங்கினார். ஒரு எச்சரிக்கை: சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் தொங்கும் நிலையில் அளந்தால் எல்லாம் பொய்க்கணக்கு. சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் எடையைத் தாங்க வேண்டும். காலி வண்டியில் அளந்தோம். முன் ஷாஃப்ட் பின்னோக்கி 3.5 டிகிரி சரிவு. பின் ஷாஃப்ட் 8 டிகிரி. பினியன் அச்சு 1.2 டிகிரிதான்.

கழித்துப் பார்த்தால் நடுக் கிராஸில் 4.5 டிகிரி, பினியன் கிராஸில் 6.8. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான் ஒன்றின் முந்தலை மற்றொன்று கழிக்கும். இங்கே 2.3 டிகிரி மிச்சம். பட்டைகளை அடித்து வளைத்தபோது வளைவு முன்பாதியிலும் பின்பாதியிலும் ஒரே அளவில் விழவில்லை. ஆக்ஸில் உட்காரும் இடம் சாய்ந்து பினியன் மூக்கு கீழே இறங்கிவிட்டது.

சரி, லோடு ஏற்றினால் ஏன் அடங்குகிறது? அதையும் அளந்தோம், பக்கத்துக் கடையிலிருந்து சிமென்ட் மூட்டைகளை இரவல் வாங்கி ஏற்றி. பட்டை அமுங்கியதும் பின் ஷாஃப்டின் சரிவு 4 டிகிரிக்குக் குறைந்தது. நடுக் கிராஸில் அரை டிகிரி, பினியன் கிராஸில் 2.8. வித்தியாசம் அதே 2.3-தான். ஆனால் கிராஸின் குறும்பு கோணத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். கோணம் இரட்டித்தால் குறும்பு நான்கு மடங்கு. வர்க்கங்களைக் கழித்துப் பார்த்தால் காலியில் 26, பாரத்தில் ஏழரைச் சொச்சம் (மறுபடியும் ஏழரை!). மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது இருக்கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இத்தனை மாதமும் கேரளா போகும்போதெல்லாம் அது கீழே இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

மருந்து ஒரு ஆப்பு. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமான ஆப்பு: பட்டைக்கும் ஆக்ஸில் மேடைக்கும் நடுவே வைக்கும் சரிவான இரும்புத் தகடு. லேத் பட்டறையில் 2 டிகிரிச் சரிவில் ஒரு ஜோடி சீவித் தரச் சொன்னோம். அலுமினியத்தில் செய்தால் மலிவு. ஆனால் பாரம் ஏற்றும் வண்டியில் அது நசுங்கிப் பிளந்துவிடும் என்று லேத்காரரே மறுத்துவிட்டார். எந்தப் பக்கம் தடிப்பு என்பதில் அரை மணி நேரம் வாக்குவாதம். என் வண்டியில் பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்கார்கிறது. பினியன் மூக்கு மேலே எழ வேண்டும். ஆகவே தடித்த பக்கம் பின்னால். அண்ணன் முன்னால் என்றார். கடைசியில் ஒரு செங்கல்லையும் ஸ்கேலையும் வைத்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். மாற்றி வைத்திருந்தால் வித்தியாசம் நான்கு டிகிரியைத் தாண்டியிருக்கும்.

பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட்டை நீளமானதாகவும், பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவும் போட்டோம். பழைய யூ போல்ட்டை மறுபடி முடுக்கிக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒருமுறை இழுபட்டது மறுமுறை அதே பிடி தராது. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்ப முடுக்கியபோது ஒவ்வொன்றும் கால் சுற்று வாங்கியது.

கோணத்தை மறுபடி அளந்தபோது பினியன் 3.2. நடுவில் 4.5, பின்னால் 4.8.

குழியிலிருந்து ஏறும்போது அண்ணன் இன்னொன்றைக் கவனித்தார். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைப் பாரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு சேஸிஸில் இருக்கிறது. ஆக்ஸில் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை ஒரு கம்பி மூலம் அதற்குச் சொல்கிறார்கள். பட்டை கூட்டி வண்டியை உயர்த்தியதால், பாரம் இருந்தும் வண்டி பாதி காலி என்று அந்த வால்வு நம்பிக்கொண்டிருந்தது. அதாவது நான் தக்காளியோடு போனபோதெல்லாம் பின் பிரேக் குறைவாகவே பிடித்திருக்கிறது. நடுக்கம் எரிச்சல்தான்; இது உயிர். கூட்டிய பட்டையை அங்கேயே கழற்றச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை, பட்டைகளை அடித்து வளைத்துவிட்டதால் ஒன்றைக் கழற்றினாலும் கோணம் பழையபடி வராது, எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். அதுவரைக்கும் கம்பியைப் புதிய உயரத்துக்குச் சரிசெய்தோம். பெட்டியும் குறைத்துவிட்டேன்.

அன்றிரவு அக்கா மகனோடு அதே சாலையில் 60-இல் ஓட்டினேன். 62-இல் இருந்த பனைமரம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. வரைபடத்தின் இடது ஓரத்தில் மட்டும் ஒரு சிறு மேடு. பின் வலது டயர், தேய்மானம் கோணலாக இருக்கிறது. “ஏழரை, மாமா” என்றான். அது அடுத்த தீபாவளிக்கு மாற்ற வேண்டிய டயர்தான். அதுவரை இருந்துவிட்டுப் போகட்டும்.